சென்சாருக்கு வைத்த சந்தனம்

சந்தனம் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூடி வைத்துத் திறந்து காட்டுகிற அளவுக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு கடைத்தொகுதி. அதன் கார் நிறுத்துமிடத்துக்கு நான் மேற்பார்வையாளன். மேற்பார்வை என்று பெயரே தவிர, இருப்பதெல்லாம் கீழேதான். தரைக்கு அடியில் இரண்டு தளம். அதில் இரண்டாவது தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. டிக்கெட்டைத் தொலைத்தவர்களும், காடியை, அதாவது காரை, எங்கே விட்டோம் என்று மறந்தவர்களும் அங்கே வந்து என்னிடம் கோபப்படுவார்கள். காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வானத்தைப் பார்ப்பேன்.

அதற்கு முன்பு பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, தூசியே இல்லாத அறையில் வேலை. ஒரு தலைமுடி விழுந்தாலும் விசாரணை நடக்கும். சென்சார் என்றால் என்னவென்று தெரியாத ஆள், பாவம், அறியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தளத்தில் முன்பெல்லாம் காற்றாடிகள் நாள் முழுக்க ஓடும். கூரையை ஒட்டிப் படுத்திருக்கும் பெரிய குழாய்க் காற்றாடிகள். அவை புகையைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு மூலையில் சேர்க்கும். அங்கே இருக்கும் இன்னொரு காற்றாடி அதை இழுத்து மேலே தெருவுக்கு அனுப்பும். அந்த இரைச்சலில் காது கொடுத்துக் கேட்க முடியாது. பிறகு நிர்வாகம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தூண்களில் சென்சார்களைப் பொருத்தியது. காடிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு உண்டு. நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. நம் மூக்குக்குத் தெரிவதெல்லாம் புகையில் உள்ள மற்ற சங்கதிகள்தான். ஆளைச் சாய்க்கிற வாயு தன்பாட்டுக்கு உள்ளே போய்விடும். அது காற்றில் கூடினால் சென்சாருக்குத் தெரியும், உடனே காற்றாடி ஓடும். குறைந்தால் நின்றுவிடும். மேலே காவலாளி அறையில் ஒரு பலகை இருக்கும். அதில் ஒவ்வொரு சென்சாரும் காட்டுகிற எண்ணும் ஒரு சின்ன விளக்கும் தெரியும்.

சென்சார் என்பது ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். நிற்கிற ஆளின் மூக்கு உயரத்தில் தூணில் பதித்திருப்பார்கள். நடுவில் காசு அளவுக்கு ஒரு வட்ட வலை. காற்று உள்ளே போகிற வழி அது.

ஆயுத பூஜையை நான் தொழிற்சாலைக் காலத்திலிருந்தே விட்டதில்லை. இங்கே வந்த பிறகு நானே பூசாரி. கூண்டு, தடுப்புக் கட்டை, காசு கட்டுகிற மெஷின், கார் கழுவும் இடத்தில் தண்ணீர் பீச்சுகிற மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பொரி, கடலை, சுண்டல் உண்டு. மலாய்க்காரக் காவலாளி அந்தச் சுண்டலுக்காகவே அன்று லீவு எடுக்க மாட்டார். பில்டிங் மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி. அவரும் இறங்கி வந்து, எங்களோடு நின்று படம் எடுத்து, ஆபீஸ் வாட்சப் குழுவில் போடுவார். அந்த வருடம் புதிதாக வந்தவை சென்சார்கள்தான். பழசுக்கெல்லாம் வைத்துவிட்டுப் புதுசை விட்டால் நன்றாக இருக்குமா? கிண்ணத்தோடு தூண் தூணாகப் போனேன். அந்த வட்ட வலை, பொட்டு வைக்கவே இடம் விட்டதைப் போலச் சரியாக நடுவில் இருந்தது. பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம். சீக்கிரம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று நன்றாக அழுத்தி வைத்தேன்.

சில நாள் கழித்துத் துப்புரவு செய்பவர் ஈரத் துணியோடு வந்து, துடைக்கட்டுமா என்று கேட்டார். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன்.

என் குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் குடித்துக்கொண்டிருந்தவன். 'கொஞ்சம் தண்ணி போடுவான்' என்று நாசூக்காகச் சொல்கிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டியவன். மகளின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நாற்காலியோடு சாய்ந்தேன். அதற்கடுத்த தைப்பூசத்தன்று, தண்ணீர்மலைக் கோயில் படியில் மனைவியின் கையைப் பிடித்து, இனித் தொட மாட்டேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை தொடவில்லை. அவள் அன்று அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"இதுக்கப்புறம் ஒரு தடவ குடிச்சிட்டு வந்தாலும் நான் பட்டர்வொர்த்துக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதீங்க" என்றாள்.

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள். அதன்பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பும் பேச்சும் சமையல் ருசியும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. எனக்கென்று இருந்த சொத்து அவள் என்மேல் மறுபடி வைத்த அந்த நம்பிக்கைதான்.

தீபாவளி நெருங்கியது. லிட்டில் இந்தியாவுக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் எங்களிடம்தான் காடியை விடுவார்கள். வெளியே தெரு அடைத்துக்கொண்டால் உள்ளே சரிவுப் பாதையில் வரிசை நகராது. ஏர்கோன் வேண்டுமே, யாரும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். பழைய வேன்களும் இருக்கும். வந்து போகிறவர்களுக்கு அது கொஞ்ச நேரத் தொல்லை. நாள் முழுக்க அந்தக் காற்றையே இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்: நான், அப்புறம் மூலையில் கார் கழுவுகிற பெண்.

காற்றாடிகள் ஓடவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்பாடா, சத்தம் ஓய்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒருமுறை மேலே போய்ப் பலகையைப் பார்த்தேன். கீழ்த்தளம் முழுக்கப் பூஜ்ஜியம், எல்லாம் பச்சை விளக்கு. இத்தனை காடிகள் இரைந்துகொண்டிருக்கும்போது பூஜ்ஜியம் எப்படி வரும் என்று கேட்டிருக்க வேண்டிய ஆள் நான். புது மெஷின் பிரமாதம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

முதலில் தலைவலி வந்தது, நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதைப் போல. பிறகு குமட்டல். சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது கால் தடுமாறும். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் திண்டாடுவேன். கண் சிவந்திருக்கும், நாக்கு குழறும். குடிகாரனோடு பாதி ஆயுளைக் கழித்த பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

ஒருநாள் கதவைத் திறந்தவள் வழிவிடாமல் நின்றாள்.

"வாயத் தொறங்க."

"என்னது?"

"தொறங்க, பாப்போம்."

திறந்தேன். அவள் குதிகாலை உயர்த்தி என் வாயருகில் மூக்கைக் கொண்டுவந்தாள். பேரப்பிள்ளை எடுத்தவன் நான். பல் டாக்டரிடம் நிற்கிற பிள்ளையைப் போல வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பாசாரில் காய்கறி வாங்கிய பையோடு மின்தூக்கியிலிருந்து வந்து, பார்த்தும் பார்க்காதவரைப் போலப் போனார். உடம்பெல்லாம் கூசியது. வாசம் ஏதும் இல்லை என்பது அவளுக்கு நிம்மதி தரவில்லை.

"வாசம் வராத சரக்கெல்லாம் இப்போ விக்கிறாங்களாம் லா" என்றாள்.

சத்தியம் செய்தேன். கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, ஓய்வெடுங்கள் என்று எம்சி, அதான் மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார். வீட்டில் இருந்த அன்று தலைவலி வரவே இல்லை. அதையும் அவள் கவனித்தாள்.

"வேலைக்குப் போனாத்தான் வருது. வீட்டுல இருந்தா ஒன்னும் இல்ல. அப்போ அங்கதானே ஏதோ இருக்கு?"

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அவள் மனதில் இருந்தது புட்டி. நானும் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன். பழைய குடிதான் ஈரலில் தங்கி இப்போது வேலையைக் காட்டுகிறது என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

கார் கழுவுகிற பெண் எங்கள் அடுத்த பிளாக்கில் இருப்பவள். கணவன் இல்லை, மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். என் மனைவிக்குக் கோயிலில் பழக்கம். மனைவி சொல்லித்தான் அவளை நான் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நல்ல உழைப்பாளி, அதிகம் பேச மாட்டாள். அந்த நாட்களில் மட்டும் அடிக்கடி கூண்டுக்கு வந்து ஏதாவது கேட்டுவிட்டுப் போனாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு ராத்திரி மனைவி வாய் தவறி, "மத்தியானம் தூணப் புடிச்சிக்கிட்டு நின்னீங்களாமே" என்று கேட்டபோது புரிந்தது.

மறுநாள் காலை நேராக அவளிடம் போனேன். அவள் ஒரு காடிக்கு நுரை பூசிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்டாட்டிக்கு ஸ்பை வேல பாக்குறியா?"

"அக்கா பயப்படுறாங்கண்ணே. கேட்டாங்க, பாத்தத சொன்னேன். வேற ஒன்னும் சொல்லல."

"வீட்டுல வாயத் தொறக்கச் சொல்லி மோந்து பாக்குறா. ஒரு மனுசனுக்கு அது எவ்ளோ அசிங்கம்னு தெரியுமா ஒனக்கு? செருப்பால அடிச்சாகூட தாங்கிக்கலாம்."

அவள் கையிலிருந்த பஞ்சிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். பிறகு, "எனக்கும் கொஞ்ச நாளா தல கிண்ணுன்னுதான் இருக்கு. நிக்க முடியல" என்றாள்.

"ஓ, ஒனக்கும் தலவலியா? நல்லா நடிக்கிற" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். சரிவுப் பாதையில் காடிகள் அசையாமல் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் கூண்டுக் கண்ணாடியைத் தட்டி, அங்கே யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்றாள். எழுந்தபோது எனக்கே தலை சுற்றியது. தூணைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பாதி கழுவிய ஒரு வேனின் பக்கத்தில் அவள் கிடந்தாள். தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் சுற்றிலும் ஆட்கள்.

மேலேயிருந்து ஓடிவந்த காவலாளி, "மாபுக் கா?" என்றார். குடித்திருக்கிறாளா என்று அர்த்தம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கையில் துணிப் பைகளோடு நின்ற ஒரு தமிழர்தான் பதில் சொன்னார்.

"வேற என்ன? நம்மாளுங்க தீவாளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க. மானம் போவுது."

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மூச்சு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து, அவள் வாயருகில் மூக்கை வைத்து, முகர்ந்து பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் பார்த்தேன். அந்த நொடியில் என் மனதில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கட்டும், வாசம் அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுத்தவள் குடித்தவளாகவே இருக்கட்டும், பிறகு வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது.

சோப்பு வாசம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

என் வாயிலும் இப்படித்தானே ஒன்றும் வரவில்லை என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. எனக்கு இருந்த அதே தலைவலியை இவளும் சொன்னாளே. நிமிர்ந்தேன். எதிரே தூணில் சென்சார். வலை இருந்த இடத்தில் காய்ந்து கெட்டித்துப்போன மஞ்சள் வட்டம், நடுவில் குங்குமம். தலைக்கு மேலே காற்றாடி அசையாமல் கிடந்தது. தொழிற்சாலையில் இருந்த அத்தனை வருடமும் ஒன்றாகச் சேர்ந்து என் கன்னத்தில் அறைந்தன.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்க! எல்லாரும் வெளிய போங்க! காத்துல வெசம்!" என்று கத்தினேன். மலாயிலும் கத்தினேன். என்னையும் குடிகாரன் என்று நினைத்தார்களோ என்னவோ, முதலில் யாரும் அசையவில்லை. காவலாளிக்கு மட்டும் புரிந்துவிட்டது. மேலே ஓடிப்போய்ப் பலகையில் காற்றாடிகளைக் கையால் போட்டுவிட்டார். அந்தப் பழைய இரைச்சல் தளம் முழுக்க எழுந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினேன். பாதியில் முழங்கால் மடங்கியது. மானம் போகிறது என்று சொன்ன அதே ஆள் பைகளைக் கீழே போட்டுவிட்டு வந்து அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மேலே ஓடினார்.

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. என்னையும் வரச் சொன்னார்கள். ஆனால் சென்சார் கம்பெனியின் டெக்னீஷியன் வரும் வரை நான் அசையவில்லை. அவர் கையில் ஒரு சின்ன மீட்டர். சரிவுப் பாதையில் காலை வைத்ததுமே அது விடாமல் அலற ஆரம்பித்தது. காற்று கொஞ்சம் தெளிந்த பிறகு இறங்கிப்போய் ஒரு சென்சாரைக் கழற்றி மேலே கொண்டுவந்தார். திருப்புளியின் நுனியால் நெம்பியபோது, முறுக்கு அச்சில் பிழிந்ததைப் போலச் சந்தனம் வலையின் மறுபக்கம் புழுப்புழுவாக வந்திருந்தது.

"இது என்ன?" என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சந்தனம் என்றால் என்ன, ஆயுத பூஜை என்றால் என்ன என்றெல்லாம் விளக்கினேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சகிக்கவில்லை. எங்கள் சாமியும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப் போல இருந்தது. அவர் கைப்பேசியை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பூஜை அன்று எடுத்த படம் வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நான், பக்கத்தில் கும்பிட்டபடி அவர். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். வேலையும் போகவில்லை. போயிருந்தால் வீட்டில் உட்கார்ந்து நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் ரத்தம் எடுத்து, முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். டாக்டர் தமிழ்ப் பெண். என் மனைவியை அழைத்து, இது குடியல்ல, காடிப் புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறது, பார்ப்பவர்களுக்குக் குடித்தவரைப் போலத்தான் தெரியும் என்று விளக்கினார். மனைவி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுதாள். தண்ணீர்மலையில்கூட அழாதவள்.

"வாயெல்லாம் மோந்து பாத்தனே. நீங்க சொன்னத நம்பலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன், அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க! கேட்டபோது முகமூடிக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டேன். திரைத்துணிக்கு அந்தப் பக்கம்தான் கார் கழுவும் பெண் கிடந்தாள். இயற்கையாகவே ரத்தம் குறைவாம், அதனால் அந்த வாயு அவளை அதிகமாக அடித்துவிட்டது. பிழைத்துக்கொள்வாள், ஆனால் தேற நாளாகும் என்றார்கள். அவளுடைய மகள் பள்ளிக்கூடத்து டி-சட்டையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. கார் கழுவும் பெண் வீடு திரும்பிய பிறகு நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். மனைவி அவளுடைய மகளோடு சமையலறைக்குப் போய், கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சோபாவில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எல்லாம் என்னாலதான்மா. அந்தச் சந்தனத்த நான் வெக்காம இருந்திருந்தா…"

"அத விடுங்கண்ணே" என்றாள். "சாமிக்குன்னு வெச்சீங்க. தெரியாம வெச்சதுக்கு என்ன பண்றது?"

அப்பாடா என்று இருந்தது. வெட்கம் கெட்ட மனது, அதற்குள் இலேசாகிவிட்டது. அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கீழ கெடந்தப்ப எனக்குக் கை கால்தான் வரல. நெனவு இருந்துச்சு. அந்தாளு சொன்னதெல்லாம் கேட்டுச்சு. நீங்க வந்து ஒக்காந்ததும் தெரிஞ்சிச்சு. அண்ணன் வந்துட்டாரு, இவ குடிக்கிறவ இல்லன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க மோந்து பாத்தீங்க."

நான் தலை குனிந்தேன்.

"அது எவ்ளோ அசிங்கம்னு எங்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? அது தெரிஞ்சிதானேண்ணே செஞ்சீங்க?"

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது: அப்படிப் பார்த்ததால்தான் எனக்கு விஷயம் விளங்கியது, விளங்கியதால்தான் உன்னை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினோம், அதனால்தான் நீ இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாய். பொய்யும் இல்லை அது. மனைவியிடமும் மேனேஜரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டவும் செய்தார்கள்.

ஆனால் நான் அதற்காகக் குனியவில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மனைவி வந்து கூப்பிடும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.